சிந்தெடிக் ஆயில் மாற்றியதும் இன்ஜின் ஒழுகுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

இத்தனை நாள் மினரல் ஆயிலில் ஓடிய வண்டிக்கு முதல் முறையாக சிந்தெடிக் ஊற்றியிருக்கிறீர்கள். சில நாள் போனதும், வண்டி நின்ற இடத்தில் தரையில் கறுப்பாக ஒரு பொட்டு. "பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஒத்துக்காது" என்று யாரோ சொன்னது உடனே ஞாபகம் வரும். பலர் அந்த இடத்திலேயே முடிவுகட்டி, மறுபடி மினரலுக்கு ஓடிவிடுகிறார்கள். ஒழுக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

அந்தப் பேச்சு வெறும் வதந்தி இல்லை, அதற்கு ஒரு வரலாறு உண்டு. ரப்பர் சீல்கள் மினரல் ஆயிலில் ஊறும்போது, அதிலுள்ள அரோமேட்டிக் பொருள்களை உறிஞ்சி லேசாக உப்பும். அந்த உப்பலோடு சேர்ந்துதான் சீல் தண்டைச் சுற்றி இறுக்கமாக உட்காரும். 1972ல் ஆம்சாயில், 1974ல் மொபில் 1 என்று சிந்தெடிக் ஆயில்கள் சந்தைக்கு வரத் தொடங்கிய காலத்தில், மொபில் 1 போன்றவற்றில் பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்ற அடிப்படை எண்ணெய் புழங்கியது. அது ரப்பரை உப்ப விடாது. சில ரப்பர்களைக் கொஞ்சம் சுருங்கவும் வைக்கும். வருஷக்கணக்கில் மினரலில் ஊறிய சீல் அப்படிச் சுருங்கினால் ஒழுகத்தானே செய்யும். அதனால்தான் அதோடு எஸ்டர் போன்றவற்றைக் கலக்கத் தொடங்கினார்கள். எஸ்டர் ரப்பரை உப்ப வைக்கும், அந்த உப்பலும் இந்தச் சுருக்கமும் சேர்ந்து சரிக்குச் சரியாகிவிடும்.

இன்றைய நிலைமை வேறு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரவரிசையில் 2010ல் வந்த எஸ்என் தரத்திலிருந்து, சீல் ரப்பரோடு ஆயில் ஒத்துப்போகிறதா என்ற சோதனையும் தேர்வில் ஒரு பாடம். ஐந்து வகை ரப்பர் துண்டுகளைச் சூடான ஆயிலில் ஊறவைத்து, எவ்வளவு உப்பின, எவ்வளவு இறுகின, இழுவிசையை எவ்வளவு இழந்தன என்று அளக்கிறார்கள். மினரலும் சிந்தெடிக்கும் ஒரே தேர்வைத்தான் எழுதியாக வேண்டும். போதாததற்கு, இன்று சிந்தெடிக் என்ற பெயரில் விற்கும் ஆயில்களில் பல, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்துச் சுத்தம் செய்த எண்ணெயிலிருந்து (ஏபிஐ வகைப்பாட்டில் மூன்றாம் பிரிவு) வருபவை.

ஆகவே, ஒழுக்கைப் பார்த்ததும் ஆயிலின் வகையைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்தேகம், ஆயில் மாற்றிய அன்று நடந்த வேலை மேல். அடுத்தது, ஊற்றிய கிரேடு மேல், அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் மேல். அதற்கப்புறம்தான் சீலின் வயசு. மாற்றி எத்தனை நாளில் ஒழுகத் தொடங்கியது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். ஒரு வெள்ளைத் துணியில் தொட்டெடுத்தால் போதும். பழுப்பும் கறுப்பும் கலந்து வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் போட்டதுபோல இருந்து பிசுபிசுத்தால் கூலன்ட். ஏசி ஓடிய வண்டிக்குக் கீழே வெறும் தண்ணீர் சொட்டினால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். புது ஆயில் ஊற்றிய சில நாளில் அது தேன் நிறத்தில் இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

அப்புறம் கழுவுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டுக் கசிவைத் தேடுவது நேரத்துக்குக் கேடு. ஆயில் புவியீர்ப்பால் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே முன்பக்கம் ஒழுகினால், சொட்டு விழுவது கீழே பின்பக்கம். ஈரமாகத் தெரியும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இன்ஜின் ஆறியபின் டிகிரீசர் அடித்துத் துடைத்துக் காயவிட்டு, 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அங்கிருந்து விசாரணையைத் தொடங்குங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் போட்டுத்தான் போக வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது.

அறிகுறி: மாற்றிய அன்றோ மறுநாளோ சொட்டத் தொடங்கியது

இவ்வளவு சீக்கிரம் எந்தச் சீலும் சுருங்காது, எந்தப் படிவமும் கரையாது. ஒரே நாளில் ஒழுக்கு என்றால் கை வேலையில்தான் பிழை இருக்கும்.

மிக எளிய விஷயம், ஃபில்டரைக் கழற்றும்போது கொட்டிய பழைய ஆயில். சில இன்ஜின்களில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கும். கழற்றியதும் கணிசமாக வழிந்து, அடியிலுள்ள தகட்டில் தேங்கி, இரண்டு மூன்று நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். துடைத்துவிட்டால் தீர்ந்தது. ஊற்றும்போது மூடியைச் சுற்றிச் சிந்தியதும் அப்படித்தான்.

அடுத்தது டிரெயின் போல்ட். அதற்கு அடியில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வாஷர் இருக்கும். ஒருமுறை இறுக்கியதும் நசுங்கி, அந்த நசுங்கலில்தான் அடைத்துக்கொள்ளும். பழையதையே திரும்பப் போட்டால் சில சமயம் பிடிக்கும், சில சமயம் பிடிக்காது. ஆறிய வண்டியில் போல்ட்டைச் சுற்றி விரலால் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். போல்ட்டின் தலையில் ஒரு துளி மெல்ல உருண்டு, கனத்து, முனையில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அங்கேயே இன்னும் இறுக்கலாம் என்று ஸ்பேனரில் தொங்கிவிடாதீர்கள். ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சேம்பர் அலுமினியமாக இருந்தால் மரை போய்விடும். அதன்பின் ஒரு வாஷரோடு முடிய வேண்டிய வேலை சேம்பர் வேலையாகிவிடும். அடுத்த ஆயில் மாற்றம்வரை தாங்காது என்று தோன்றினால், ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கிப் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கிவிட்டு அதே ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. வேலை முடிந்து ஐட்லிங்கில் விட்டு அடியில் பார்த்தபோது ஒரு சொட்டு இல்லை. வெளியே எடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும், கண்ணாடியில் பின்னால் தரையில் ஒரு கறுப்புக் கோடு என்னைத் தொடர்ந்து வந்தது. உடனே இன்ஜினை அணைத்தேன். ஃபில்டரைக் கழற்றியபோது அந்தப் பழைய வளையம் தட்டையாக, இன்ஜினின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது; நகத்தால் நெம்பிய பிறகுதான் அது தனியாக ஒரு பொருள் என்றே தெரிந்தது. சூடான இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சுமார் 2 முதல் 4 பார்வரை இருக்கும். அந்த அழுத்தத்தில் வளையம் பிதுங்கினால் சில நிமிஷத்தில் சேம்பர் காலி. அந்த முறை ஊற்றியது சிந்தெடிக். நான் கவனிக்காமல் இருந்திருந்தால் பழி முழுவதும் அதன்மேல்தான் விழுந்திருக்கும்.

ஆகவே ஃபில்டரைக் கழற்றியதும் அதன் முகத்தைத் திருப்பிப் பாருங்கள், வளையம் இருக்கிறதா என்று. இன்ஜின் முகத்தையும் துணியால் துடைத்துத் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் புது ஆயில் கொஞ்சம் பூசி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று அல்லது ஃபில்டரிலேயே அச்சிட்டிருக்கும் அளவு, கையாலேயே இறுக்கினால் போதும்.

அறிகுறி: ஓடும்போது நனைகிறது, நிறுத்திவைத்தால் சொட்டில்லை

அழுத்தம் இருக்கும் பாதையில் ஒழுகுகிறது என்று பொருள். ஃபில்டர் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர் சுவிட்ச். கட்டைவிரல் அளவுள்ள சின்னப் பொருள். உள்ளே ஒரு சவ்வு கிழிந்தால் வயர் சொருகும் பிளக் வழியாகவே ஆயில் வரும். அந்தப் பிளக்கை உருவிப் பாருங்கள், உள்ளே ஆயில் நின்றால் சுவிட்ச் போய்விட்டது. இது பல இன்ஜின்களில் பின்பக்கமாக இருப்பதால், இன்ஜினின் முக்கியத் தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீல் போய்விட்டதாகத் தவறாக எண்ணி கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. மலிவான, சுலபமான சுவிட்சை முதலில் பார்த்துவிடுவது நல்லது. டர்போ இருக்கும் வண்டியில் அதற்குப் போகும் ஆயில் குழாயின் இணைப்புகளையும் பாருங்கள்.

அறிகுறி: சில வாரம் கழித்துக் கருகிய வாடை, இன்ஜின் மேல்பகுதி ஈரம்

இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட்டிலிருந்து வழியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட்மேல் விழுந்து கருகுகிறது. சிக்னலில் நிற்கும்போது பானெட் ஓரத்தில் லேசாகப் புகையும் வரலாம். ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கினால் இன்ஜின் மிஸ் அடிக்கும். பிளக்கின் மேலுள்ள காயிலை எடுத்துப் பாருங்கள். அதன் ரப்பர் குழல் ஆயிலில் குளித்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இங்கேதான் சிந்தெடிக்கின் பங்கு உண்மையிலேயே கொஞ்சம் வருகிறது. அது இரண்டு வழியில்.

ஒன்று, கிரேடு. பலர் மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறும்போது கிரேடையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். 20டபிள்யூ-50 ஊற்றிய இன்ஜினில் 5டபிள்யூ-30 ஊற்றினால் என்ன ஆகும்? 100 டிகிரி சூட்டில் 50 கிரேடின் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக், 30 கிரேடுக்கு 9.3 முதல் 12.5. கிட்டத்தட்ட பாதி. இறுகிப்போன கேஸ்கெட்டில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால், கெட்டியான ஆயில் அங்கே தயங்கி நிற்கும், மெல்லிய ஆயில் நுழைந்துவிடும். வண்டி ஆறி நிற்கும்போதும் இந்த வித்தியாசம் உண்டு. குளிரில் 20டபிள்யூ இறுகிவிடும், 5டபிள்யூ அவ்வளவு இறுகாது. அதனால்தான் ஓடும்போது இல்லாத சொட்டு ராத்திரி நிறுத்திவைத்த பிறகு வருவதும் உண்டு. இதே கிரேடில் மினரல் ஊற்றியிருந்தாலும் அந்த இடைவெளி ஒழுகியிருக்கும். கையேட்டைத் திறந்து, அந்த இன்ஜினுக்கு எந்தெந்த கிரேடு சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் இருக்கும். அவற்றுள் கெட்டியானதை சிந்தெடிக்கிலேயே வாங்கலாம்.

இரண்டாவது, கசடு. ஆயிலை நாள் கடத்தி மாற்றிய இன்ஜினில் கேஸ்கெட் ஓரங்களில் தார் மாதிரிப் படிவம் சேரும். கேஸ்கெட் எப்போதோ செத்திருக்கும், அந்தக் கசடுதான் அடைப்பாக நின்றிருக்கும். நல்ல சலவைப் பொருள்கள் உள்ள புது ஆயில் வந்து அதை மெல்லக் கரைக்கும்போது பழைய வழி திறக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் கசடுக் கதை உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. கரியாக, கெட்டியாகப் படிந்திருந்தால் பொருந்தும். அப்படிப்பட்ட இன்ஜினில் ஃப்ளஷ் என்ற கழுவு திரவம் ஊற்றி ஒரே நாளில் கழுவுவதை நான் ஆதரிக்க மாட்டேன். உதிர்ந்த கட்டிகள் ஆயில் பம்பின் உறிஞ்சு வலையை அடைத்துவிட்டால் ஒழுக்கைவிடப் பெரிய நஷ்டம். வழக்கமான இடைவெளியில் பாதிக்கே இரண்டு மூன்று முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், அது தானாகச் சுத்தமாகும்.

டேப்பட் கவர் கேஸ்கெட் மாற்றுவது, பொறுமையுள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பழைய கேஸ்கெட்டைக் கழற்றி மடக்கிப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளையாமல் பிளாஸ்டிக் மாதிரி முறிந்தால், அதைக் கெடுத்தது சூடும் வயசும்தான்.

அறிகுறி: ஒரே சமயத்தில் பல இடத்தில் ஈரம்

நாலு சீல் ஒன்றாகப் போவது அபூர்வம். உள்ளே அழுத்தம் ஏறி, வழி கிடைத்த இடமெல்லாம் ஆயிலைத் தள்ளுகிறது என்று சந்தேகப்படுங்கள். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், கூடுதலாக ஊற்றியிருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி நின்றால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

அளவு சரி என்றால் பிசிவி வால்வ். பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே வரும் வாயுவை, இன்ஜின் உறிஞ்சும் காற்றோடு திருப்பி அனுப்பும் வால்வ் அது. அடைத்துக்கொண்டால் வாயு போக இடமில்லை. பெட்ரோல் இன்ஜினில் சோதிப்பது சுலபம்: ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின்மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நலம். படபடத்து மேலே எழும்பினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. வால்வ் தனியாகக் கழலும் வகை என்றால் காதருகே குலுக்குங்கள், கடகடவென்று சத்தம் வர வேண்டும். புது வால்வ் போட்டும் தாள் எழும்பினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்துவிட வேண்டும். இந்த வால்வை விட்டுவிட்டு சீல் சீலாக மாற்றினால், புது சீலும் கொஞ்ச நாளில் ஒழுகும்.

அறிகுறி: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு

பின் கிராங்க் சீலாக இருக்க வாய்ப்பு அதிகம். கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாத இடம் என்பதால், முதலில் மேலேயிருந்து எதுவும் வழிந்து வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். டேப்பட் கவரின் பின் ஓரம், பிரஷர் சுவிட்ச் இரண்டும் காய்ந்திருக்க வேண்டும். தெளிவாகத் தெரியவில்லை என்றால், ஆயிலில் யூவி சாயம் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு யூவி விளக்கில் பார்த்தால் பாதை பளிச்சென்று ஒளிரும்.

சீல்தான் என்று உறுதியானால் ஒழுகும் வேகத்தைப் பொறுத்து முடிவெடுங்கள். ராத்திரிக்கு இரண்டு மூன்று சொட்டு, கிளட்ச் வழுக்கவில்லை என்றால் காத்திருக்கலாம். அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கென்று வரும் ஆயில்களில், இறுகிய ரப்பரை இளக்கி லேசாக உப்ப வைக்கும் பொருள்கள் கூடுதலாக இருக்கும். ரப்பர் இன்னும் கிழியாமல் இருந்தால் இது வேலை செய்யும், ஆனால் ஓரிரு ஆயிரம் கிலோமீட்டராவது பொறுக்க வேண்டும். ஒழுக்கை நிறுத்தும் திரவம் என்று தனியாக விற்பதைக் கண்டபடி ஊற்றாதீர்கள். அளவு மீறினால் ரப்பர் கொழகொழத்து, அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்த சீலும் முழுதாகப் போய்விடும். கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டால் யோசிக்கவே வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கி சீலையும் கிளட்ச்சையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: தரையில் சொட்டே இல்லை, டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குகிறது

வெளியே ஒழுகவில்லை, இன்ஜின் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் ரிங். இங்கேயும் பழி சிந்தெடிக்குக்குப் போகிறது, ஆனால் ஆவியாவதில் அது மினரலைவிடச் சிக்கனமானது. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் 15 சதவீதத்துக்குமேல் ஆவியாகக் கூடாது என்பது ஏபிஐ எஸ்என்னில் 30 கிரேடு போன்ற மெல்லிய ஆயில்களுக்கான வரம்பு. நல்ல சிந்தெடிக் அதற்கு வெகு கீழேயே நிற்கும். மாற்றியபின் அளவு வேகமாக இறங்கினால், மறுபடி கிரேடைத்தான் பாருங்கள். 1000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் "ரொம்பக் குடிக்குது" என்பதைவிட அந்த எண் பயன்படும்.

மினரலுக்கே திரும்பிவிடலாமா?

திரும்பலாம், தடையில்லை. தரச் சான்று பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை, இன்ஜினுக்குள் மீந்திருக்கும் சிந்தெடிக்கால் தீங்கு ஒன்றும் வராது. ஆனால் பழைய வாஷர் பிடிக்காமல் போயிருந்தால் மினரலும் அதே வழியாகச் சொட்டும். முறிந்த கேஸ்கெட் மறுபடி ரப்பராகாது. கெட்டியான மினரலால் ஒழுக்கு குறைந்ததுபோலத் தெரிந்தால் அது கிரேடின் வேலை. சிந்தெடிக்கிலும் அந்த கிரேடு கிடைக்கும். ஒரு பழைய இன்ஜினைக் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விடப்போகிறீர்கள், சீல் மாற்றும் எண்ணமே இல்லை என்றால், கையேட்டில் உள்ள கெட்டியான மினரலை ஊற்றி, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்த்து ஓட்டுவதும் நியாயமான முடிவுதான்.

எந்த ஆயிலாக இருந்தாலும், ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் பேரிங் பிடித்துவிடும். ஆயில் எக்ஸாஸ்ட்மேல் சொட்டிப் புகை வந்தாலும் அப்படியே, அது தீப்பிடிக்கக் கூடியது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் முன் கிராங்க் சீலோ கேம் சீலோ ஒழுகினால் தள்ளிப்போட வேண்டாம். ஆயிலில் ஊறிய பெல்ட் எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. அந்த சீலை மாற்றும்போது பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.